அக்காவுக்கு மனப்பாடமான செய்தி

எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் எல்லாமே பொய்யாகிவிடும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜனவரியில் வளைகுடாவில் குண்டு விழ ஆரம்பித்தபோது எனக்கு இருபது வயது. எங்கள் வீடு குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில். பி.காம். கடைசி வருஷம். அதுவரை வீட்டில் என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்துக் கேள்வி கேட்டதில்லை. சண்டை வந்த பிறகு தினமும் கேட்டார்கள். இங்கிலீஷ் செய்தி புரிந்தது எனக்கு மட்டும்தான். அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், பழைய அட்லஸில் ஊர்களைத் தேடிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, இது இத்தனை மைல், ஏவுகணை இத்தனை நிமிஷத்தில் வந்துவிடும் என்று சொல்வேன். கிரிக்கெட் ஸ்கோர் சொல்லும் பையன்களைப் போலச் சொல்வேன். அத்தா வாயைப் பிளந்து கேட்பார்.

நான் அளந்துகொண்டிருந்த அந்த இடத்தில்தான் என் அக்காவின் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சவூதியில் தம்மாமில் ஒரு கம்பெனியின் தண்ணீர் லாரி. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் அக்கா, இரண்டு வயசு மகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் ஸ்கேலை எடுக்கும்போதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு தடவைகூட ஸ்கேலைக் கீழே வைத்ததில்லை.

மச்சான் கடுதாசி எழுதுகிற ஆள் இல்லை. அவருக்குக் கேசட்தான். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அப்போது எல்லாரும் அப்படித்தான். ஊருக்கு வருகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அதன் ஏ சைடில் மச்சான் பேசியிருப்பார். பி சைடு காலியாக இருக்கும். அதில் நாங்கள் பதில் பேசி, அங்கே போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவோம். அவர் கேட்டுவிட்டு அதையே அழித்துப் பேசி மறுபடியும் அனுப்புவார். பேசுவதும், கேட்பதும், அழிப்பதும் எங்களுக்குச் சாதாரணம். ஒரு குரலைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. ஆள்தான் இருக்கிறாரே.

அவர் போன தடவை வந்தபோது ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்திருந்தார். ரேடியோவும் டேப்பும் ஒன்றாகச் சேர்ந்தது. ரேடியோவில் ஓடுவதை அப்படியே பதிவு செய்யலாம். அத்தா தாம்பரம் மார்க்கெட்டில் சின்ன இரும்புக் கடை வைத்திருந்தார். பகலில் செய்தி கேட்க முடியாது. அதனால் மதியச் செய்தியையும் மாலைச் செய்தியையும் ஒரு கேசட்டில் நான் பிடித்து வைப்பேன். அவர் வந்து கை கால் கழுவிவிட்டுக் கேட்பார். அடுத்த நாள் அதன் மேலேயே அடுத்த நாள் சண்டை.

நான் சொல்ல வந்த நாள், எங்கள் மாநில ஆட்சியை டெல்லி கலைத்ததற்கு மறுநாள். முந்தின நாள் சாயங்காலமே கடைகள் மூடிவிட்டன. காலையில் பஸ் இல்லை. பல்லாவரம் பக்கம் கல்லெறிகிறார்கள் என்று சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து ரேடியோவில் இன்னொன்றும் வந்தது. இராக் படைகள் எல்லை தாண்டி, சவூதிக்குள் கஃப்ஜி என்ற ஊருக்குள் நுழைந்துவிட்டன. அதுவரை வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த சண்டை தரையில் நடந்து வர ஆரம்பித்திருந்தது.

அத்தா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“கடைய எவனாச்சும் ஒடச்சிடப் போறான். ஷட்டர எறக்கிட்டு உள்ளாறயே உக்காந்திருக்கேன். நீ செய்தி ஒண்ணு விடாம புடிச்சு வை. கஃப்ஜிக்கும் தம்மாமுக்கும் எவ்ளோ தூரம் பாத்தியா?”

“பாத்துட்டேன் அத்தா. ராத்திரி விட்டா காலையில வந்துடுவான்.”

அக்கா மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

பத்து மணிக்கு ஒரு ஆள் வந்தார். மச்சானோடு ஒரே அறையில் இருந்தவர், வண்டலூர்க்காரர். சண்டை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குக் கிளம்பி, பம்பாயில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு அன்று காலைதான் சென்ட்ரலில் இறங்கியிருந்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“பஸ்ஸு ஒண்ணியும் கெடையாதுமா. ரோட்டுல டயர கொளுத்திகினு இருக்கானுங்கோ. பல்லாவரத்துலேர்ந்து நடந்தே வந்துகினு கீறேன். அக்கா வூட்ல கீறாங்களா?”

“குளிக்கறா. என்ன வேணும்?”

“கேசட்டு. அக்கா கையிலதான் குடுக்கச் சொன்னாரு.”

“நான் தங்கச்சிதான். குடுங்க.”

அவர் யோசித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இன்னும் வண்டலூர்வரை போகவேண்டும் என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது.

“அவுங்க கையிலதான்னு ரெண்டு தபா சொன்னாரும்மா.”

“அய்யே, நான் என்ன தின்னுடுவேனா?” என்று கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ரயிலாவது ஓடுகிறதா பார்க்கிறேன் என்று ஸ்டேஷன் பக்கம் போனார்.

அக்கா ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை எதிரில் இருப்பதுபோல டூ-இன்-ஒன்னுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கேசட்டைப் போட்டேன். மச்சான் வழக்கம்போல வரிசையாக ஆரம்பித்தார். மாமாவுக்கு சலாம், மாமிக்கு சலாம், பரீட்சைக்குப் படிக்காமல் ஊர்க்கதை பேசும் கொழுந்தியாளுக்கு சலாம், பிள்ளைக்கு முத்தம். சண்டை வரும் வரும் என்கிறார்கள், வந்தாலும் நாங்கள் இருக்கும் இடத்துக்கு வராது, யாரும் பயப்பட வேண்டாம். அத்தாவின் முட்டி வலிக்கு ஒரு தைலம். அம்மாவுக்கு ஒரு துணி, அடுத்து வருகிறவரிடம் அனுப்புவாராம். யார் யார் ஊருக்கு வருகிறார்கள், யார் யார் வரவில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் பேசினார். அக்காவுக்கென்று தனியாக எதுவும் இல்லை. “எல்லாரும் ஒடம்ப பாத்துக்குங்க” என்றார். அதோடு பேச்சு நின்றது. நாடா மட்டும் ‘ஸ்’ என்று ஓடியது.

அக்கா குனிந்து காதை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“முடிஞ்சிடுச்சுடி. நிறுத்து, செல்லு வீணாப் போகுது” என்றாள் அம்மா. அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை, பேட்டரி செல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன்.

அக்கா அதை மறுபடி மறுபடி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்த ‘ஸ்’ வந்ததும் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவாள்.

மதியச் செய்திக்குக் கால் மணி இருக்கும்போது என் சண்டைக் கேசட்டைப் போட்டேன். உள்ளே நாடா சிக்கிக்கொண்டது. இழுத்தேன். முழம் முழமாக வெளியே வந்தது, கசங்கி, ஒரு இடத்தில் அறுந்து. ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த கேசட் கடைக்கு ஓடினேன். ரோடு முழுக்கக் கண்ணாடித் தூள். எரிந்து முடிந்த டயர் புகைந்துகொண்டிருந்தது. அத்தனை கடையும் ஷட்டர் போட்டிருந்தது. நான் தட்டியதும் கேசட் கடைக்காரர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா நீ, ஊரே பேஜாராக் கீது, கேசட்டு கேக்க வந்துட்ட? வூட்டுக்குப் போமா.”

தலைக்கு மேல் ஒரு பெரிய விமானம் மீனம்பாக்கம் பக்கம் இறங்கியது. அமெரிக்க ராணுவத்தின் சரக்கு விமானங்கள் அங்கே வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகின்றன என்று அந்த வாரம்தான் பேப்பரில் பெரிய ரகளையாக வந்திருந்தது. அது எந்த விமானமோ எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போய், மச்சான் தலையில் விழப் போகிற குண்டு நம் தலைக்கு மேலேதான் போகிறது என்று சொல்லவேண்டும் என நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் பாட்டுக் கேசட் கிடையாது, அத்தா விடமாட்டார். இருந்ததெல்லாம் குர்ஆன் ஓதும் கேசட்டுகள். அவற்றின் மேல் சண்டையைப் பதிவு செய்யும் தைரியம் எனக்கும் இல்லை. மிச்சம் ஒன்றுதான். காலையில் வந்தது. பி சைடு எப்போதும் காலிதானே.

“அதத் தொடாதே” என்றாள் அக்கா. “அது நான் பதில் பேசறதுக்கு.”

“பதிலா? யார் கிட்ட குடுத்து அனுப்பப் போறே? அந்த ஊருக்குப் போஸ்ட்மேனா போறான்? குண்டுதான் போகுது.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அம்மா கையிலிருந்த கரண்டியை என் மேல் எறிந்தாள். அது தோளில் பட்டது. அப்போதும் நான் அசையவில்லை. செய்தி தொடங்கப் போகிறது, அத்தா கேட்பார், புது கேசட் நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று படபடவென்று பேசினேன். கடைசியில் அக்கா கேசட்டை என் மடியில் வைத்தாள்.

“ஏ சைட மட்டும் அழிச்சிடாதடி.”

பி சைடைத் திருப்பிப் போட்டு, ஆரம்பத்துக்கு ஓட்டி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். அது இறங்கவில்லை. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. இதில் இரண்டும் உடைந்திருந்தன. கடையில் விற்கிற பாட்டுக் கேசட் அப்படித்தான் வரும். மச்சான் ஏதோ பழைய அரபிப் பாட்டுக் கேசட்டை அழித்துப் பேசியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இதற்கெல்லாம் எனக்கு வழி தெரியும். புத்தகத்தில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நாலாக மடித்து அந்த ஓட்டையில் திணித்தேன். பட்டன் இறங்கியது. பெருமையாகக்கூட இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரு நொடி, பிளே பட்டனை அழுத்திக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்றைய செய்தி முழுக்கப் பிடித்தேன். மதியம் டெல்லிச் செய்தி, பிறகு மாநிலச் செய்தி, மாலையில் மறுபடி. கஃப்ஜியில் தெருத்தெருவாகச் சண்டை. அமெரிக்க வீரர்கள் இத்தனை பேர் சாவு. சவூதிப் படைகள் ஊரைத் திரும்பப் பிடித்துவிட்டதாக ஒரு தரப்பு, இல்லை என்று இன்னொரு தரப்பு. இங்கே சட்டமன்றம் கலைந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, ஆளுநர் அறிக்கை கொடுத்தாரா இல்லையா என்று டெல்லியில் வாக்குவாதம், நிலைமை கட்டுக்குள் இருப்பதாக போலீஸ். அத்தா தாம்பரத்திலிருந்து நடந்தே வந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“ஒரு வார்த்த விடாம புடிச்சிருக்கியே. கெட்டிக்காரிடி நீ” என்றார்.

இன்னும் அந்த வார்த்தை காதில் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் அவ்வளவும் செய்தேன்.

பிப்ரவரி கடைசியில் சண்டை நின்றது. தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். மச்சானிடமிருந்து தகவல் இல்லை. தபால் தாமதம் என்றேன். என் அட்லஸில் அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மார்ச் நடுவில் வண்டலூர்க்காரர் மறுபடி வந்தார். இந்த முறை பெட்டி இல்லை. கூட இரண்டு பேர் இருந்தார்கள். அத்தாவை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டார்கள்.

கஃப்ஜிக்குப் போகும் ரோட்டில் தண்ணீர் லாரி கவிழ்ந்து கிடந்ததாம். குண்டா, பள்ளமா, தூக்கமா என்று கம்பெனி எழுதவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தேதி போட்டிருந்தது. நான் செய்தி பிடித்த நாளிலிருந்து நான்காம் நாள். வராது வராது என்று ஏ சைடில் சொன்னவர், சண்டை இருக்கும் இடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அக்கா இத்தா இருந்தாள். கணவன் இறந்தால் எங்களில் பெண் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இருக்க வேண்டும். உள்ளறையில் வெள்ளைப் புடவையில் இருந்தாள். டூ-இன்-ஒன்னை மட்டும் உள்ளே கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்நேரமும் அந்த ஏ சைடு ஓடும். மாமாவுக்கு சலாம், மாமிக்கு சலாம். அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

ஒரு மத்தியானம் அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. “எல்லாரும் ஒடம்ப பாத்துக்குங்க” என்று குரல் முடிந்தது. ‘ஸ்’ என்று ஓட ஆரம்பித்தது. பிள்ளை எழுந்துவிடும் என்று அக்கா பட்டனுக்குக் கை நீட்டவில்லை. என்னை நிறுத்தச் சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம். பிறகு உள்ளேயிருந்து ஒரு இருமல்.

“என்ன, எல்லாரும் எழுந்து போயிட்டாங்களா? மாமி செல்லு வீணாப் போகுதுன்னு சொல்லியிருப்பாங்களே.” மச்சான் சிரித்தார். குரல் தாழ்ந்திருந்தது. “அதுக்குத்தான் இவ்ளோ நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நம்ம வூட்ல ஒன் கிட்ட தனியாப் பேச வேற வழி? இப்ப கேசட்ட திருப்பிப் போடு. பி சைடு ஒனக்கு மட்டும்தான். யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு காத ஒடச்சு வெச்சிருக்கேன்.”

சட்டென்று பட்டன் மேலே எழும்பியது. ஏ சைடு முடிந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். கேசட்டை வெளியே எடுத்து, அதன் முதுகைப் பார்த்தாள். ஓட்டையில் இருந்த பஸ் டிக்கெட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் தரையில் வைத்தாள். பிறகு பி சைடைப் போட்டாள்.

இராக் படைகள் சவூதி எல்லைக்குள் நுழைந்திருந்தன. அமெரிக்க வீரர்கள் செத்திருந்தார்கள். எங்கள் சட்டமன்றம் கலைந்திருந்தது. அக்கா நிறுத்தவில்லை, ஓட்டித் தள்ளவும் இல்லை. வேகமாக ஓட்டினால் நாடா சிக்கிக்கொள்ளும் என்ற பயம். எங்கேயாவது ஒரு இடுக்கில் அவர் குரல் இருக்கும் என்று அத்தனையும் கேட்டாள். ஆளுநரைக் கேட்டாள், போலீஸைக் கேட்டாள். நான் மூன்று வேளை பதிவு செய்ததற்கு நடுவில் ஒரு இழைகூட விடவில்லை. அத்தா சொன்ன கெட்டிக்காரத்தனம் அது.

மாலைச் செய்தி முடிந்தது. ‘டக்’ என்று நான் பட்டனை எடுத்த சத்தம். அதற்குப் பிறகு ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக நாடா மிச்சம் இருந்தது. அதில் அவர் இருந்தார்.

“...அத நீ செஞ்சாதான் எனக்கு நிம்மதி. செய்யாம விட்டுடாத. மாமா கிட்டயோ மாமி கிட்டயோ கேக்காத, அவுங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க. நீயே முடிவு பண்ணு. எனக்கு என்ன ஆனாலும் அத மட்டும் செஞ்சிடு. என்னா? சரின்னு சொல்லு.”

கொஞ்ச நேரம் விட்டிருந்தார். அவள் சரி என்று சொல்வதற்காக.

“சரி” என்றாள் அக்கா.

நாடா முடிந்தது. அவள் திரும்பி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அழிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சமாச்சும் கேட்டியா?”

“இல்லக்கா.”

அவள் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. அன்று என்னை அடித்திருந்தால் இதையெல்லாம் இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்க, அவள் ஒவ்வொரு தடவையும் அந்த நாளின் செய்தி முழுவதையும் கேட்டாள். இத்தா முடிவதற்குள் அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பாத்திரம் துலக்கும்போது அவள் வாய் தானாக முணுமுணுக்கும். கஃப்ஜியில் எந்தத் தெரு யார் கையில், டெல்லியில் யார் கையெழுத்து. சண்டையை மறந்துபோன குரோம்பேட்டையில் அந்த ஒரு நாளை மட்டும் ஒரு பெண் வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதைச் செய்யச் சொன்னார்? கீழ்க்கட்டளையில் அவர் பேரில் இருந்த மனையை விற்கச் சொன்னாரா, விற்காதே என்றாரா? மகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கச் சொன்னாரா? எங்கள் வீட்டை விட்டுத் தனியாகப் போகச் சொன்னாரா? வண்டலூர்க்காரரைக் கேட்டோம். கையிலதான் குடுக்கச் சொன்னாரு, அதான் தெரியும் என்று அழுதார். அக்கா மனையை விற்கவும் இல்லை, அதில் ஒரு செங்கல் வைக்கவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து அத்தா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மனைவியை இழந்தவர், பல்லாவரத்தில் கடை வைத்திருந்தார், நல்ல மனுஷன். எனக்கும் அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அத்தா ஒரு மணி நேரம் பேசினார். உனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, மகளுக்கு ஒரு தகப்பன் வேண்டாமா, மாப்பிள்ளை இருந்திருந்தால் அவரே இதைத்தான் சொல்லியிருப்பார் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அக்கா தலை நிமிர்ந்தாள். அத்தாவைப் பார்க்கவில்லை. கை நீட்டி என்னைக் காட்டினாள்.

“இதத்தான் சொன்னாருன்னு அவள சொல்லச் சொல்லுங்க அத்தா. இப்பவே கட்டிக்கறேன்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்தேன். அக்கா காத்திருந்தாள், நிஜமாகவே காத்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.